மகள் தனியாக ரயிலில் போகக் கேட்கிறாள், டோக்கியோவில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

புதுக்குடித்தனம் எழுதியது:

வணக்கம். நாங்கள் எதோகவா வார்டில் நிஷிகசாய் பக்கம் குடிவந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. மகள் வார்டுப் பள்ளியில் நான்காம் வகுப்பு. பள்ளிக்கு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு நடந்துதான் போகிறாள். அதில் எனக்குப் பயம் இல்லை.

சனிக்கிழமை மதியம் உராயாசுவில் பரதநாட்டிய வகுப்பு. தோசாய் லைனில் இரண்டாவது ஸ்டேஷன், அவ்வளவுதான். இதுவரை நானோ அவரோ கூட்டிப்போய்க் கூட்டிவருகிறோம். "என் கிளாஸ் பொண்ணுங்க எல்லாம் தனியா ட்ரெயின்ல போறாங்க, நான் மட்டும் ஏன் அம்மாவோட போகணும்?" என்று ஆரம்பித்துவிட்டாள். அனுப்பித்தான் பார்ப்போமே என்று நான் அரைமனதாக இருந்த நேரத்தில் பள்ளியில் ஒத்திகை ஒன்று நடந்தது. முன்பின் தெரியாத ஆள் கத்தியோடு உள்ளே வந்தால் என்ன செய்வது என்று. ஒரு ஆசிரியரே தொப்பியும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு கத்திக்கொண்டே வர, மற்ற ஆசிரியர்கள் நுனியில் அரைவட்டமாக வளைந்த நீளக் கம்பால் அவரைச் சுவரோடு வைத்து அழுத்திப் பிடித்தார்களாம். பிள்ளைகள் வகுப்பறைக் கதவுக்கு மேசையை முட்டுக்கொடுத்து உள்ளே உட்கார்ந்திருந்தார்களாம். மகள் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். கேட்ட என் வீட்டுக்காரருக்குத்தான் தூக்கம் போய்விட்டது.

அன்று ராத்திரி முழுக்க அவர் தேடிப் படித்தார். 2001இல் ஒசாகா பக்கம் இகேதா ஆரம்பப் பள்ளிக்குள் கத்தியோடு ஒருவன், 2019இல் கவாசாகியில் பள்ளிப் பேருந்துக்கு நின்ற பிள்ளைகள் மேல் கத்தி, 2021இல் கேயோ லைன் ரயிலுக்குள் கத்தியும் தீயும். இப்போது ஒரே பேச்சு: "பன்னிரண்டு வயசு வரைக்கும் தனியா ரயில் கிடையாது."

என் கேள்வி இரண்டு. அனுப்பலாமா? அப்புறம், அவர் திரும்பத் திரும்பக் கேட்பது: இவ்வளவு பணக்கார நாட்டில் ரயில் நிலையத்தில் ஒரு பையைக்கூட ஏன் சோதிப்பதில்லை?

கடலூரான் எழுதியது:

உங்கள் வீட்டுக்காரர் கேட்பதில் தப்பே இல்லை சகோதரி. நானும் சைதாமாவில் குப்பை கொட்டுகிறேன், இதே கேள்வி எனக்கும் உண்டு.

சென்னை மெட்ரோவில் பையை எந்திரத்தில் போட்டுவிட்டுத்தானே உள்ளே போகிறோம். டெல்லி மெட்ரோவில் மத்தியப் படைக்காரர் உடம்பையே தடவிப் பார்த்துத்தான் விடுகிறார். அரை நிமிட வேலை. இதனால் யாருடைய சுதந்திரம் பறிபோனது? இங்கே யாராவது எதையாவது உள்ளே வைத்துவிடுவார்கள் என்று நிலையத்தில் குப்பைத்தொட்டியை எடுத்துவிடுகிறார்கள், கத்தியோடு வருகிறவனை விட்டுவிடுகிறார்கள்.

கேமரா என்றதும் தனியுரிமை என்று குதிப்பவர்களுக்கு ஒன்று. 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில், காலை ஆறரை மணிக்கு, வேலைக்குப் போக நின்ற பெண்ணை வெட்டிக் கொன்றார்கள். அந்த நிலையத்தில் அன்றைக்கு ஒரு கேமராகூட இல்லை. பக்கத்துத் தெருவில் இருந்த கேமராவைத் தேடி ஓட வேண்டியிருந்தது. செத்துப்போனவருக்கு என்ன தனியுரிமை? பிள்ளை விஷயம். அனுப்பாதீர்கள்.

நடைமேடைக்கதவு எழுதியது:

பெயரைப் பார்த்தாலே தெரியும், எனக்குப் பிழைப்பு ரயில் நிலையங்களில் நடைமேடைக் கதவு, அதாவது நடைமேடை விளிம்பில் வண்டி நின்றால் மட்டும் திறக்கும் தடுப்பு, மாட்டுவதும் பழுதுபார்ப்பதும். நிறைய வருடமாக இதுதான் வேலை. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள் தங்கச்சி.

முதலில் கடலூரான் அண்ணாவின் அரை நிமிடம். கொரோனாவுக்கு முந்தைய கணக்கில் ஷின்ஜுகு நிலையத்தில் ஒரு நாளைக்கு ஏறி இறங்குகிறவர்கள் 30 லட்சத்துக்கும் மேல். தொகாய்தோ ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் ஒன்றில் 1,323 இருக்கை, நெரிசல் நேரத்தில் அதிலேயே வேகமான நொசோமி வண்டிகள் மட்டுமே மணிக்கு 12 வரை விடுகிறார்கள். ஆளுக்கு அரை நிமிடம் வைத்தால் வரிசை நிலையத்தைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிடும். கூட்டத்தைத் தேடி வருகிறவனுக்கு அந்த வரிசையும் கூட்டம்தான். கவாசாகியில் பிள்ளைகள் வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே இருப்பவரைக் காப்பாற்ற வெளியே ஒரு கூட்டத்தை உண்டாக்குவது என்ன காவல் என்று எனக்குப் புரியவில்லை.

முயற்சியே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. 2019இல் கசுமிகசெகி நிலையத்தில் ஆட்களை ஸ்கேன் செய்யும் கருவியைச் சில நாள் வைத்துப் பார்த்தார்கள். 1995 சரின் விஷவாயுத் தாக்குதலில் குறிவைக்கப்பட்ட நிலையம் அது. குப்பைத்தொட்டிகள் காணாமல் போனதும் அந்தத் தாக்குதலிலிருந்துதான். பிறகு ஒலிம்பிக்குக்காக 2021 ஜூலை 1 முதல் புது விதி: ரயில் நிறுவனம் பயணியின் பையைச் சோதிக்கலாம், மறுத்தால் வெளியேற்றலாம். ஒரு மாதம் போனது. ஆகஸ்ட் 6, ஒலிம்பிக் முடிய இரண்டு நாள், நகரம் முழுக்கப் போலீஸ். ஒதாக்கியூ லைனில் ஒருவன் கத்தியால் வெறியாட்டம் ஆடினான், 10 பேருக்குக் காயம். விதி காகிதத்தில் இருந்தது. ஓடுகிற வண்டியில் யார் யார் பையைத் திறப்பது?

இனி கேயோ. இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய உண்டு.

2021 அக்டோபர் 31, ஹாலோவீன், இரவு எட்டு மணி. ஹாச்சியோஜியிலிருந்து ஷின்ஜுகு போகும் சிறப்பு விரைவு வண்டி. ஜோக்கர் மாதிரி உடுத்திய 24 வயதுக்காரன் எழுபது தாண்டிய ஒருவரை நெஞ்சில் குத்தினான். லைட்டருக்கு ஊற்றும் எண்ணெயைக் கொட்டிக் கொளுத்தினான். குத்துப்பட்டவர் பிழைத்தது பெரிய விஷயம். பயணிகள் அவசரப் பொத்தானை அழுத்தினார்கள், பல பெட்டிகளில். அழுத்திவிட்டு ஓடினார்கள். பின்னே, நெருப்புக்கு முன்னால் நின்று மைக்கில் விவரம் சொல்லவா முடியும்? ஓட்டுநருக்கும் கார்டுக்கும் என்ன நடக்கிறது என்று பிடிபடவில்லை. நிற்க வேண்டாத கொகுர்யோ நிலையத்தில் வண்டியை நிறுத்தினார்கள்.

அங்கே நடைமேடைக் கதவு உண்டு. வண்டி நிற்க வேண்டிய குறிக்குக் கொஞ்சம் முன்பாகவே நின்றுவிட்டது. நகர்த்திச் சரிசெய்யலாம் என்றால், அதற்குள் உள்ளே இருந்தவர்கள் பெட்டிக் கதவைக் கையால் திறக்கும் அவசரப் பிடியை இழுத்துவிட்டார்கள். அதை இழுத்தால் வண்டிக்கு இழுவை வராது. கதவு திறந்தபடி வண்டி ஓடக்கூடாது என்பதற்காகவே செய்துவைத்த ஏற்பாடு. சரி, அங்கேயே திறக்கலாமே என்றால், பெட்டிக் கதவும் நடைமேடைக் கதவும் நேருக்கு நேர் இல்லாதபோது திறக்கக்கூடாது, யாராவது இடுக்கில் விழுவார்கள். அதுவும் பாதுகாப்பு விதிதான். ஆக, ஜனங்கள் ஜன்னலில் ஏறி, நடைமேடைக் கதவையும் தாண்டிக் குதித்தார்கள். அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு பெண் கையில் பையை விடாமல் ஜன்னல் விளிம்பில் வயிற்றை வைத்துத் தொங்குவார். எங்கள் ஆபீசில் அதை நிறுத்தி நிறுத்திப் போட்டுப் பார்த்தோம். அன்றைக்கு எந்தக் கருவியும் கெட்டுப்போகவில்லை. எல்லாப் பாதுகாப்பும் ஒழுங்காக வேலை செய்தது, அதனால்தான் கதவு திறக்கவில்லை.

போக்குவரத்து அமைச்சகம் அப்புறம் மாற்றியது இதைத்தான். பல இடங்களில் பொத்தான் அழுத்தப்பட்டால், விவரம் தெரியாவிட்டாலும் அவசரம் என்றே எடுத்துக்கொள். குறி தப்பி நின்றாலும் இரண்டு கதவையும் திற. இடுக்கில் கால் மாட்டலாம், மாட்டட்டும், புகையில் சாவதற்கு அது தேவலை. இந்த மாற்றத்துக்காக யாரும் யாருடைய பையையும் திறக்க வேண்டியிருக்கவில்லை. உங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள்.

கேமராவுக்கு நான் எதிரி இல்லை. 2023 முதல் பெருநகரங்களில் புதிதாக ஓடவிடும் பெட்டிகளுக்கு அது கட்டாயம், எங்கள் கதவுக்கும் அதனால் உதவி உண்டு. ஆனால் நுங்கம்பாக்கத்தை இதோடு சேர்க்காதீர்கள் அண்ணா. அந்தப் பெண்ணைப் பின்தொடர்ந்து வந்தவன் வெட்டினான் என்றுதான் போலீஸ் சொன்னது. அப்படிப்பட்டவனைப் பிடிக்கக் கேமரா வேண்டும். இங்கே பேச்சு, எவனானாலும் சரி என்று கிளம்பி வருகிறவனைப் பற்றி. கேயோ ஆள் தீ வைத்துவிட்டு இருக்கையில் கால்மேல் கால் போட்டு சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். மரணதண்டனை வேண்டும் என்று செய்ததாகச் சொன்னான். கிடைத்தது 23 வருடம். 2018இல் ஷின்கான்சென்னில், பெண்களைக் காப்பாற்றக் குறுக்கே போன ஒருவரைக் கொன்ற 22 வயதுக்காரன் ஆயுள் முழுக்கச் சிறையில் இருக்க ஆசைப்பட்டவன். ஆயுள் தண்டனை வந்ததும் நீதிமன்றத்திலேயே கையைத் தூக்கி வாழ்க கோஷம் போட்டான். இவர்களைப் பார்த்துக் கேமரா முறைத்தால் என்ன, முறைக்காவிட்டால் என்ன?

கத்திச் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். 6 சென்டிமீட்டருக்கு மேல் அலகு உள்ள கத்தியைத் தகுந்த காரணமில்லாமல் கையில் வைத்திருப்பதே குற்றம். சின்னக் கத்திக்கு வேறு சட்டம் இருக்கிறது. 2008 ஜூன் 8 டோக்கியோவின் அகிஹாபாரா கடைத்தெருப் படுகொலையில் 7 பேர் செத்த பிறகு, இருபக்கமும் கூருள்ள, அலகு 5.5 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருக்கும் கத்தியை வீட்டில் வைத்திருக்கவே தடை, 2009 ஜனவரியிலிருந்து. அதில் பாவம், சிப்பி உடைக்கிற மீனவர்களும் சிக்கினார்கள். அவர்கள் கத்திக்கும் இருபக்கம் கூர். ஷின்கான்சென் கொலைக்குப் பிறகு, சரியாகச் சுற்றிக் கட்டாத கத்தியை ரயிலில் ஏற்றவே கூடாது என்று 2019 ஏப்ரலில் வந்தது. சமையல் சாமான் கடைத்தெருவான காப்பாபாஷியில் வெட்டுக்கத்தி வாங்கினால் கடைக்காரரே அட்டைப் பெட்டியில் வைத்து டேப் ஒட்டித் தருவார், அப்படியே நேராக வீட்டுக்குப் போங்கள். எங்கள் பகுதியில் பொங்கலுக்குச் சேர்ந்து சமைத்தபோது ஒரு அம்மா அரிவாள்மணையைப் பழைய துண்டில் சுற்றி, மேலே செய்தித்தாள் சுற்றி, சணலால் கட்டி, அரிசிப்பைக்கு அடியில் வைத்து ரயிலில் கொண்டுவந்தார். சட்டப்படி ஒரு குற்றமும் இல்லை. வழியில் போலீஸ் கேட்டிருந்தால், இதை மிதித்துக்கொண்டு உட்கார்ந்து பூசணிக்காய் வெட்டுவோம் என்று அவர் நடித்துத்தான் காட்டியிருக்க வேண்டும்.

நான் சொல்ல வந்தது இனிமேல்தான். குப்பைத்தொட்டி போனது எல்லாருக்கும் போனது. கேமரா எல்லார் முகத்தையும்தான் எடுக்கிறது. கியோத்தோ அனிமேஷன் என்ற படக் கம்பெனித் தீவைப்பில் 36 பேர் இறந்த பிறகு கேனில் பெட்ரோல் வாங்க அடையாளம் காட்ட வேண்டும். விவசாயியும் காட்டுகிறார், நானும் காட்டுகிறேன். அகிஹாபாராவில் ஞாயிற்றுக்கிழமை தெருவை நடப்பவர்களுக்கு விடும் வழக்கத்தை 2011 ஜனவரி வரை நிறுத்தி வைத்தார்கள், ஊருக்கே நஷ்டம். எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் இழக்கும்போது, அதிகமாகப் போனால் எல்லாருமாகக் கத்துவார்கள், அதிகாரியும் கேட்டாக வேண்டும். சிலர் மட்டும் இழக்கும் ஏற்பாட்டுக்கு அந்தக் கடிவாளம் கிடையாது.

ஒரு நாள் வேலை முடிந்து கருவிப் பையோடு நிலையத்தை விட்டு வெளியே வருகிறேன். இரண்டு போலீஸ்காரர்கள், நல்ல மரியாதையோடுதான் நிறுத்தினார்கள். குடியிருப்பு அட்டை. காட்டினேன். நாம் அதை எப்போதும் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம், இல்லாவிட்டால் 2 லட்சம் யென் வரை அபராதம். அப்புறம் பை. திறப்பதும் திறக்காததும் என் விருப்பம் என்றுதான் சொன்னார்கள். ஆனால் நான் விருப்பப்படும்வரை இரண்டு பேரும் நகரவில்லை. சுவர்த் திண்டில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள்: அட்டை வெட்டும் கட்டர், ஸ்க்ரூட்ரைவர் வரிசை, அளவு டேப், கிரீஸ் துணி, தயிர்சாதம் ஒட்டிய மதியச் சாப்பாட்டு டப்பா. கட்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் ஒருவர். அதே நிலையத்திலிருந்து என்னோடு இறங்கிய, அதே பையும் அதே கட்டரும் வைத்திருந்த என் சக ஊழியர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஜப்பானியர். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

இது எனக்கு மட்டும் நேர்ந்தது இல்லை. 2021 டிசம்பரில் அமெரிக்கத் தூதரகமே தன் மக்களுக்கு எச்சரிக்கை போட்டது, தோற்றத்தைப் பார்த்து நிறுத்துகிறார்கள் என்று. 2022இல் டோக்கியோ வழக்கறிஞர் சங்கம் வெளிநாட்டுப் பூர்வீகம் உள்ளவர்களிடம் கேட்டபோது, பதில் சொன்ன சுமார் 2,100 பேரில் 63 சதவீதம் பேர் ஐந்து வருடத்துக்குள் போலீசால் நிறுத்தப்பட்டதாகச் சொன்னார்கள். 2024 ஜனவரியில் மூன்று பேர் வழக்கே போட்டார்கள். இகேதா, அகிஹாபாரா, ஷின்கான்சென், கவாசாகி, ஒதாக்கியூ, கேயோ, மேலே பேச்சில் வந்த இந்த ஆறையும் செய்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள்தான் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நாம் மட்டும் என்று நினைக்காதீர்கள். கவாசாகியில் 2019 மே 28 காலையில் 2 பேரைக் கொன்று 18 பேரைக் காயப்படுத்தித் தன்னையும் மாய்த்துக்கொண்ட ஆளுக்கு 51 வயது, வீட்டை விட்டு வெளியே வராமல் அடைந்து கிடந்தவன் என்று செய்தி வந்தது. அவ்வளவுதான், வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருக்கிற குடும்பத்தையெல்லாம் ஊர் ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தது. நாலே நாளில், ஜூன் 1ஆம் தேதி, வேளாண் அமைச்சகத்தில் உச்சப் பதவியில் இருந்து ஓய்வுபெற்ற 76 வயது அதிகாரி ஒருவர், அப்படி அடைந்து கிடந்த தன் 44 வயது மகனைக் கத்தியால் குத்திக் கொன்றார். பக்கத்துப் பள்ளியில் விளையாட்டு விழா, சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று மகன் எரிச்சல்பட்டானாம், போய்ப் பிள்ளைகளை ஏதாவது செய்துவிடுவானோ என்று பயந்தாராம். மகன் ஒரு பிள்ளையையும் தொடவில்லை. பாதுகாப்புப் பேச்சு எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அப்பா ஞாபகம்தான்.

மகள் விஷயம். அனுப்புங்கள். 12 கோடிக்கு மேல் ஜனம் இருக்கிற நாட்டில் கொலையும் கொலைமுயற்சியும் சேர்த்தே ஆண்டுக்கு 1,000க்குள்தான் பதிவாகின்றன, பெரும்பாலும் தெரிந்தவர்களுக்குள். ரயிலில் கத்தி என்பது செய்தியாவதே அது அபூர்வம் என்பதால்தான். அவளுக்கு மூன்று விஷயம் சொல்லிக்கொடுங்கள் போதும். கடைசிப் பெட்டியில் ஏறு, கார்டு அங்கே இருப்பார். சத்தம் கேட்டால் என்ன என்று பார்க்க நிற்காதே, போனை எடுக்காதே, அடுத்த பெட்டிக்கு நட. சிவப்புப் பொத்தான் எங்கே என்று ஏறியதும் ஒருமுறை பார். கதவை இழுக்கும் பிடியைத் தொடவே வேண்டாம் என்றும் சொல்லுங்கள். நிஷிகசாய் பக்கம் தண்டவாளம் மேம்பாலத்தில் போகிறது, இறங்கினால் நடக்க இடமில்லை.

யோகோஹாமா அக்கா எழுதியது:

கதவுத் தம்பி எழுதியதில் எனக்கு ஒன்று சேர்க்க இருக்கிறது.

பள்ளியைப் பற்றி உங்கள் வீட்டுக்காரர் படித்திருப்பார். இகேதாவில் அன்று வாகன வாசல் திறந்தே கிடந்தது. எதிரே வந்த ஆசிரியர் ஒருவர் யாரோ பெற்றோர் என்று நினைத்து அவனுக்குத் தலைகுனிந்து வணக்கம் வைத்துவிட்டுப் போனார். அவன் பதில் வணக்கம் வைக்கவில்லை. 8 பிள்ளைகள் செத்தார்கள். அதுவரை பள்ளிக்கூடம் ஊருக்குத் திறந்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த நாடு அதன் பிறகு வாசலைச் சாத்தியது. நாம் கழுத்தில் பெற்றோர் அட்டை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போவது அதனால்தான். நான் ஒருநாள் மறந்துவிட்டுப் போய், என் பையனின் வகுப்பாசிரியையே வந்து சிரித்துக்கொண்டு என்னைக் கூட்டிப்போகும் வரை வாசலில் நின்றேன். எனக்கு அதில் கோபம் இல்லை. எல்லா அம்மாவும் நிற்கத்தானே வேண்டும்.

கோபம் வந்தது வேறொன்றில். கும்பகோணத்திலிருந்து மாமனார் வந்திருந்தார். காலையில் பூங்காவில் உட்காருவார், வேட்டி, மேலே என் வீட்டுக்காரரின் குளிர் ஜாக்கெட். பிள்ளைகளைக் கண்டால் அவருக்குச் சும்மா இருக்க முடியாது, "என்னடா கண்ணா" என்பார். இரண்டு நாள் கழித்து எங்கள் பகுதிப் பெற்றோருக்கு வரும் எச்சரிக்கை மெயில் வந்தது. சந்தேகத்துக்குரிய நபர், வயது 70 இருக்கும், கறுத்த நிறம், புரியாத மொழியில் பிள்ளைகளைக் கூப்பிட்டார், பாவாடை போன்ற உடை. படித்ததும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மாமனாரிடம் சொல்லவில்லை. முழங்கால் வலிக்கும், வெளியே குளிர் என்று ஏதோ சொல்லி வீட்டிலேயே உட்காரவைத்துவிட்டேன். எழுதிய அம்மாவையும் குறை சொல்ல மனம் வரவில்லை, கவாசாகி நடந்த அந்த வருடம் அது.

மகளை அனுப்புங்கள். முதலில் சில வாரம் நீங்கள் அடுத்த பெட்டியில் ஏறுங்கள், அவளுக்குத் தெரிந்தே. ஸ்டேஷனிலிருந்து வகுப்பு வரை உள்ள வழியில் எந்தக் கடை வாசலில் பிள்ளைகள் ஓடிப்போய் உதவி கேட்கலாம் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது என்று சேர்ந்து பார்த்து வையுங்கள். ஒருமுறை உள்ளே போய் அந்தக் கடைக்காரருக்கு வணக்கமும் சொல்லிவிடுங்கள். எங்கள் தெருவில் தாத்தாமி பாய்க் கடையும் அரிசிக் கடையும்தான். ஸ்டிக்கர் வெயிலில் வெளுத்திருந்தாலும் ஆள் உள்ளே இருப்பார்.

கடலூரான் எழுதியது:

கதவு சார், நீங்கள் சொன்ன வரிசைக் கணக்கு எனக்கு உறைத்தது, மறுக்கவில்லை. ஆனால் ஒன்றுமே சோதிக்காமல் விடுவதும் எனக்குச் சம்மதம் இல்லை. எல்லாரையும் வேண்டாம், ஷின்கான்சென்னில் மட்டும் பத்தில் ஒருவரை, இருபதில் ஒருவரைச் சோதிக்கலாமே. பயந்து ஒருவன் திரும்பினாலும் லாபம்தானே?

நடைமேடைக்கதவு எழுதியது:

எண்ணி இருபதாவது ஆளை நிறுத்துவதானால் நானே முதலில் பையை நீட்டுகிறேன் அண்ணா. கோட்டு போட்ட மேலாளரும் நிற்பார், நானும் நிற்பேன். எண்ணுகிறவர் என்னைப் பார்த்ததும் இருபது வந்துவிட்டது என்று சொல்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஒரு எந்திரம் எண்ணட்டும். சாவு விரும்பி வருகிறவன் திரும்பிப் போவான் என்ற நம்பிக்கை மட்டும் எனக்கு இல்லை.

புதுக்குடித்தனம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கேயோ கதவுக் கதையை அவருக்கு முழுசாகப் படித்துக் காட்டினேன். உடனே அவர் அந்த வீடியோவைத் தேடி எடுத்துப் பார்த்துவிட்டார், அது தேவையில்லாத வேலை. ஆனாலும் அடுத்த பெட்டி யோசனைக்கு இறங்கி வந்திருக்கிறார். ஒரு நிபந்தனை: மகள் பையில் எப்போதும் ஜிபிஎஸ் கருவி இருக்க வேண்டும், போகிற வழி அவர் போனில் தெரிய வேண்டும். அவளுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. "அப்போ நான் தனியா போகலையே, அப்பா கூடத்தானே வர்றார்" என்கிறாள். பதில் சொல்லத் தெரியவில்லை. உங்கள் பிள்ளைகளுக்கு எந்த வயதில் அதை நிறுத்தினீர்கள்?

யோகோஹாமா அக்கா எழுதியது:

நான் நிறுத்தவில்லை, அவனே நிறுத்திக்கொண்டான். ஆறாம் வகுப்பில் ஒருநாள் கருவியை நண்பனின் பைக்குள் போட்டுவிட்டு இவன் விளையாட்டுக் கடைக்குப் போய்விட்டான். நான் அன்று சாயங்காலம் முழுக்க வேறு ஒருத்தி பிள்ளை நீச்சல் வகுப்புக்குப் போய்வந்ததை அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.